இத்தாலி மொழிக்காரர்களுக்கு அலுவலக ஆங்கிலமும் எதிர்மறை முன்னொட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

இத்தாலியர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்களுக்கு. பலெர்மோ போன்ற ஊர்களில் இத்தாலியப் பள்ளியில் படித்து வளர்ந்து, இப்போது வேலைக்காக ஆங்கிலம் தேடும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது உதவும். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதப் படித்த மொழி இத்தாலி என்பதால், அவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இத்தாலியின் தடம் தெரியும். இரண்டு மொழிச் சொற்களையும் ஒலிக்கேற்பத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் எழுத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

'இன்' என்ற முன்னொட்டு இத்தாலியருக்கு ஏற்கெனவே தெரியுமே, பிறகு என்ன சிக்கல்?

தெரிந்திருப்பதுதான் சிக்கல். லத்தீன் வழி வந்த 'இன்' இரண்டு மொழிக்கும் பொது. 'இம்பொஸ்ஸீபிலே' என்றால் 'இம்பாசிபிள்', 'இல்லெகாலே' என்றால் 'இல்லீகல்', 'இர்ரெகொலாரே' என்றால் 'இர்ரெகுலர்'. முதல் வகுப்பிலேயே இருபது முப்பது சொற்கள் இனாமாக வந்துவிடுகின்றன. அந்தத் தைரியத்தில் மாணவர் 'இன்ஃபெலீச்சே'யை 'இன்ஹேப்பி' ஆக்குகிறார், 'இல்லிமித்தாத்தோ'வை 'இல்லிமிடெட்' ஆக்குகிறார். தவறு என்ற சந்தேகமே அவருக்கு எழாது. சந்தேகம் வராத இடத்தில் அகராதியையும் புரட்டமாட்டார்.

ஆங்கிலத்தில் 'அன்' என்று இன்னொரு முன்னொட்டு இருக்கிறது. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, இத்தாலியில் கிடையாது. இத்தாலியர் கண்ணுக்கு அதே யு, என் என்ற இரண்டு எழுத்தும் 'உன்', அதாவது 'ஒரு' என்ற சொல்லாகத்தான் தெரியும். எனவே கற்றுத்தர வேண்டியது, இத்தாலியில் 'இன்' நிற்கும் எந்தெந்த இடத்தில் ஆங்கிலம் 'அன்' கேட்கிறது என்பதைத்தான். அலுவலகத்தில் அடிக்கடி புழங்குபவை இவை:

'இனாஃபிதாபிலே' – 'அன்ரிலையபிள்' (நம்பமுடியாத)
'இனஸ்பெத்தாத்தோ' – 'அன்எக்ஸ்பெக்டட்' (எதிர்பாராத)
'இன்சேர்த்தோ' – 'அன்செர்ட்டன்' (நிச்சயமில்லாத)
'இனச்செத்தாபிலே' – 'அன்அக்செப்டபிள்' (ஏற்கமுடியாத)
'இம்ப்ரெபராத்தோ' – 'அன்ப்ரிப்பேர்டு' (தயாரில்லாத)
'இம்பொபொலாரே' – 'அன்பாப்புலர்' (மக்களுக்குப் பிடிக்காத)
'இர்ராஜொனேவொலே' – 'அன்ரீசனபிள்' (நியாயமற்ற)

'இனூத்திலே' மட்டும் தனி ரகம். அதற்கு ஆங்கிலத்தில் முன்னொட்டே இல்லை, பின்னொட்டு போட்டு 'யூஸ்லெஸ்' என்கிறார்கள். தமிழ் ஆசிரியருக்கு இது எளிது: 'பயனற்ற' என்பதில் 'அற்ற' எங்கே நிற்கிறதோ அங்கேதான் 'லெஸ்' நிற்கிறது.

சமஸ்கிருதத்தின் எதிர்மறை 'அ', லத்தீனின் 'இன்', ஆங்கிலத்தின் 'அன்' மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நீதி–அநீதி, அவசியம்–அநாவசியம் என்று நாம் அன்றாடம் சொல்வதில் இருப்பதும் அதே குடும்பம்தான்.

எங்கே 'அன்', எங்கே 'இன்' என்று கண்டுபிடிக்க விதி ஏதும் உண்டா?

முழுதாக நம்பத்தக்க விதி இல்லை. ஆனால் சொல்லின் வாலைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

வினையிலிருந்து பிறந்து இ, டி என்று முடியும் சொல்லுக்குப் பெரும்பாலும் 'அன்': 'அன்சைன்ட்', 'அன்ஸ்கில்டு', 'அன்லிமிடெட்'. இந்த ஊகம் சறுக்கும் சொற்களும் அலுவலகச் சொற்களே: 'டிஸ்ஆர்கனைஸ்டு', 'டிஸ்சாட்டிஸ்ஃபைடு', 'இன்எக்ஸ்பீரியன்ஸ்டு'. மூன்றையும் தனியே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது 'ஏபிள்' வால். அது ஏ, பி, எல், இ என்று எழுதப்பட்டால் 'அன்' பக்கம் சாயும்: 'அன்அவாய்டபிள்', 'அன்ரிலையபிள்'. ஐ, பி, எல், இ என்று எழுதப்பட்டால் 'இன்' பக்கம் சாயும்: 'இன்ஃப்ளெக்சிபிள்', 'இன்கம்பாட்டிபிள்', 'இர்ரெஸ்பான்சிபிள்'. இங்கும் 'இன்கேப்பபிள்', 'இர்ரிப்ளேசபிள்' இரண்டும் சொல் பேச்சுக் கேட்காது.

'இன்' எப்போது 'இம்', 'இல்', 'இர்' ஆகும்?

பி, எம் ஒலிகளுக்கு முன் 'இம்', எல்-க்கு முன் 'இல்', ஆர்-க்கு முன் 'இர்'. இத்தாலியிலும் இதே விதி என்பதால் இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: 'அன்' ஒருபோதும் உருமாறாது. 'அன்பெய்ட்' 'அம்பெய்ட்' ஆகாது, 'அன்ரியல்' 'அர்ரியல்' ஆகாது. ஆர்-இல் தொடங்கும் சொல் என்றாலே 'இர்' போடுவது இத்தாலியருக்கு அனிச்சை.

இத்தாலியின் 'ஸ்' முன்னொட்டை எப்படி ஆங்கிலமாக்குவது?

இங்கேதான் அதிக நேரம் வேண்டும். இத்தாலியில் சொல்லின் முன் ஒற்றை எஸ் சேர்த்தாலே பொருள் தலைகீழாகும். 'கொர்தேஸே' மரியாதையானவர், 'ஸ்கொர்தேஸே' மரியாதையற்றவர். ஆங்கிலத்தில் இதற்கு நேர் இணை இல்லாததால் ஒரே 'ஸ்' நாலு பக்கமும் சிதறுகிறது:

'ஸ்கொர்தேஸே' – 'இம்பொலைட்'
'ஸ்கோமொதோ' – 'அன்கம்ஃபர்டபிள்'
'ஸ்ஃபொர்த்துனாத்தோ' – 'அன்லக்கி'
'ஸ்கொனொஷூத்தோ' – 'அன்நோன்'
'ஸ்லெஆலே' – 'டிஸ்லாயல்'
'ஸ்வந்தாஜ்ஜோ' – 'டிஸ்அட்வான்டேஜ்'

வினைச்சொற்களும் இப்படியே. 'ஸ்ப்லொக்காரே' 'அன்லாக்', 'ஸ்கொல்லெகாரே' 'டிஸ்கனெக்ட்'. 'ஸ்காரிகாரே' லாரியிலிருந்து சரக்கு இறக்கினால் 'அன்லோட்', கணினியில் ஃபைல் இறக்கினால் 'டவுன்லோட்'. மின்சாரம், இணைப்பு சார்ந்தவற்றுக்கு 'டிஸ்', பூட்டு, கட்டு, பொட்டலம் போல் கையால் அவிழ்ப்பவற்றுக்கு 'அன்' என்று சொல்லிவைத்தால் பாதிக்கு மேல் சரியாக வரும். 'அன்பிளக்' மட்டும் வந்து கெடுக்கும். பிளக்கைக் கையால்தானே பிடுங்குகிறோம் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

'டிஸ்' இரண்டு மொழியிலும் ஒன்றுதானே?

'திஸொனெஸ்தோ' 'டிஸ்ஆனஸ்ட்' ஆவது உண்மை. ஆனால் வேலை தேடுபவருக்கு முதலில் வேண்டிய சொல்லிலேயே இது தடுக்கிவிடும். 'திசொக்குப்பாத்தோ' என்றால் வேலையில்லாதவர், ஆங்கிலத்தில் 'அன்எம்ப்ளாய்டு'. 'டிஸ்ஆக்குப்பைடு' என்று ஒரு சொல்லே கிடையாது.

இன்னொன்று 'திஸ்பொனீபிலே'. இதன் தலையில் 'திஸ்' இருந்தாலும் பொருளில் எதிர்மறை இல்லை: 'கிடைக்கக்கூடிய', 'நேரம் ஒதுக்கக்கூடிய' என்று பொருள். ஆங்கிலத்தில் 'அவைலபிள்', எதிர்ச்சொல் 'அன்அவைலபிள்'. 'டிஸ்பொனிபிள்' என்று எழுதிய ரெசியூமே எதுவும் புரியாமல் ஓரங்கட்டப்படும்.

'மிஸ்' என்பதையும் இதோடு பிரித்துக் காட்டுங்கள். அது இல்லாமையைக் குறிப்பதல்ல, தவறாகச் செய்ததைக் குறிப்பது. 'மிஸ்அண்டர்ஸ்டாண்ட்' என்றால் தப்பாகப் புரிந்துகொள்வது, இத்தாலியில் 'ஃப்ராயின்தெந்தெரே'. 'மிஸ்யூஸ்' தவறான பயன்பாடு, 'டிஸ்யூஸ்' பயன்படுத்தாமல் கிடப்பது.

பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் ஒரே முன்னொட்டுதான் வருமா?

இத்தாலியில் ஒன்றே வரும். 'இஞ்ஜூஸ்தோ', 'இஞ்ஜுஸ்தீத்ஸியா' இரண்டுக்கும் 'இன்'. ஆங்கிலம் இதில் வம்பு செய்யும்: 'அன்ஜஸ்ட்' ஆனால் 'இன்ஜஸ்டிஸ்', 'அன்ஸ்டேபிள்' ஆனால் 'இன்ஸ்டெபிலிட்டி', 'அன்ஈக்குவல்' ஆனால் 'இன்ஈக்குவாலிட்டி', 'அன்ஏபிள்' ஆனால் 'இன்எபிலிட்டி'. 'டிஸ்ஏபிள்டு' என்றால் மாற்றுத்திறனாளி. அது 'அன்ஏபிள்' என்பதிலிருந்து முற்றிலும் வேறு. 'கூட்டத்துக்கு வர இயலவில்லை' என்று சொல்ல வந்து 'டிஸ்ஏபிள்டு' என்று எழுதிவிடக்கூடாது.

முன்னொட்டு போலத் தெரிந்தும் எதிர்மறை அல்லாத சொற்கள் உண்டா?

உண்டு. ஒரு சொல்லில் இத்தாலியரே மாட்டுவார், இன்னொன்றில் மற்றவர்கள்தான் மாட்டுவார்கள்.

'இனபித்தாத்தோ' என்றால் இத்தாலியில் ஆளில்லாத இடம். ஆங்கில 'இன்ஹேபிட்டட்' அதற்கு நேரெதிர்: மக்கள் வாழும் இடம். ஆளில்லாத இடத்துக்கு 'அன்இன்ஹேபிட்டட்'.

'இன்ஃப்ளேமபிள்' என்பதை 'தீப்பிடிக்காத' என்று மற்ற நாட்டு மாணவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. இத்தாலியருக்கு 'இன்ஃபியம்மாபிலே' என்றால் தீப்பிடிக்கும் பொருள் என்று சிறுவயதிலேயே தெரியும், சரியாகச் சொல்வார். 'இன்' என்றாலே எதிர்மறை என்று நீங்கள் அழுத்தி நடத்தினால், தெரிந்ததையும் குழப்பிக்கொள்வார்! தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகைகளில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 'ஃப்ளேமபிள்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'.

'இன்வேல்யுவபிள் ஹெல்ப்' என்று மேலாளர் எழுதினால் மதிப்பே இல்லாத உதவி என்று வருந்த வேண்டாம். விலை சொல்லமுடியாத அளவுக்குப் பெரிய உதவி என்று பாராட்டியிருக்கிறார்.

அலுவலகச் சொற்களில் எவை அதிகம் காலை வாரும்?

ஒரே ஒரு அறிமுக மெயிலை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் மாணவர் மனத்தில் ஓடுவது இது: 'தற்போது பெர்காமோவில் ஒரு தொழிற்சாலையில் ஊழியராக இருக்கிறேன். கிடங்குக்குப் பொறுப்பாளர். எனக்கு நிரந்தர ஒப்பந்தம் இருக்கிறது.' பழுதில்லாத மூன்று வரிகள். அதை அவர் ஆங்கிலத்தில் இப்படி எழுதுகிறார்:

'ஆக்சுவலி ஐ ஆம் எ டிபெண்டன்ட் ஆஃப் எ ஃபேப்ரிக் இன் பெர்காமோ. ஐ ஆம் தி ரெஸ்பான்சிபிள் ஆஃப் தி மேகசீன். ஐ ஹேவ் ஆன் இன்டிடர்மினேட் கான்ட்ராக்ட்.'

ஆங்கிலேயர் ஒருவர் இதை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் கிடைப்பது: 'உண்மையைச் சொன்னால், பெர்காமோவில் ஒரு துணியை அண்டிப் பிழைக்கிறேன். பத்திரிகைக்குப் பொறுப்பு நான்தான். என் ஒப்பந்தம் இன்னதென்று முடிவாகாதது.'

என்ன நடந்தது? 'அத்துவல்மெந்தே' என்றால் 'தற்போது'; ஆங்கிலத்தில் 'கரன்ட்லி'. 'ஃபாப்ரிக்கா' தொழிற்சாலை, 'ஃபாக்டரி'. ('ஃபத்தொரியா' என்று இத்தாலியில் இருப்பது பண்ணை. இரட்டைப் பொறி.) 'திபெந்தெந்தே' ஊழியர், 'எம்ப்ளாயி', ஆங்கில 'டிபெண்டன்ட்' என்பது வருமானத்துக்கு நம்மை நம்பியிருக்கும் பிள்ளை, பெற்றோர். 'மகத்ஸீனோ' கிடங்கு, 'வேர்ஹவுஸ்'. 'மேகசீன்', 'மகத்ஸீனோ' இரண்டுக்கும் மூலம் கிடங்கைக் குறிக்கும் அரபுச் சொல்தான்; இத்தாலி பழைய பொருளிலேயே நின்றுவிட்டது, ஆங்கிலம் பத்திரிகைக்கு நகர்ந்துவிட்டது. 'ரெஸ்பொன்சாபிலே' இத்தாலியில் ஒரு பதவியின் பெயர். ஆங்கிலத்தில் அது பண்பைச் சொல்லும் சொல். பதவிக்கு 'மேனேஜர்' என்றோ 'இன் சார்ஜ் ஆஃப்' என்றோ சொல்ல வேண்டும்.

மூன்றாவது வரியில் இருப்பது முன்னொட்டுத் தவறு. 'தெம்ப்போ இந்தெத்தெர்மினாத்தோ' என்பது முடிவுத் தேதி குறிக்கப்படாத வேலை. இத்தாலியில் எல்லோரும் ஆசைப்படும் ஒப்பந்தம் இதுதான். ஆங்கிலத்தில் 'பெர்மனன்ட் கான்ட்ராக்ட்'. தேதி குறித்ததற்கு 'ஃபிக்ஸ்டு-டர்ம்'. இந்த இரண்டில் 'இன்' வைத்த சொல் எதுவுமே இல்லை.

திருத்திய வடிவம்: 'ஐ கரன்ட்லி வொர்க் ஃபார் எ ஃபாக்டரி இன் பெர்காமோ. ஐ ஆம் தி வேர்ஹவுஸ் மேனேஜர். ஐ ஆம் ஆன் எ பெர்மனன்ட் கான்ட்ராக்ட்.'

இதே வரிசையில் இன்னும் சில. 'அஸ்ஸூமெரே' என்றால் வேலைக்கு எடுப்பது, 'ஹையர்'. 'ப்ரெதெந்தெரே' என்றால் வற்புறுத்திக் கேட்பது. 'தி கிளையன்ட் ப்ரிடெண்ட்ஸ் எ டிஸ்கவுன்ட்' என்று எழுதினால் வாடிக்கையாளர் நடிப்பதாக ஆகிவிடும். 'அஜெந்தா' டைரி, கூட்ட நிகழ்ச்சிநிரல் இத்தாலியில் 'ஓர்தினெ தெல் ஜோர்னோ'. 'எவெந்துவல்மெந்தே' என்றால் 'தேவைப்பட்டால்'. ஆங்கில 'ஈவென்ச்சுவலி' என்றால் 'கடைசியில் எப்படியும்'. ஒப்பந்தக் கடிதத்தில் இந்த ஒன்று மாறினாலே பணம் சம்பந்தப்பட்ட தகராறு வரும்.

'லிச்சென்ஸியாரே' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆளை வேலையிலிருந்து நீக்குவது அது. அதையே 'லிச்சென்ஸியார்ஸி' என்று தன்மேல் திருப்பினால் தானே ராஜினாமா செய்வது. ஒன்றுக்கு 'டிஸ்மிஸ்', மற்றதற்கு 'ரிசைன்'. நேர்காணலில் இவை இடம் மாறினால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை.

'மலெதுகாத்தோ'வை 'அன்எஜுகேட்டட்' என்று சொல்லலாமா?

கூடாது. இத்தாலியில் அது நாகரிகமற்ற நடத்தையைச் சொல்வது, ஆங்கிலத்தில் 'ரூட்'. 'அன்எஜுகேட்டட்' என்றால் படிப்பறிவில்லாதவர். சக ஊழியரைப் பற்றிய புகாரில் இதை எழுதினால் புகார் எழுதியவர்மேல்தான் பழி வரும். 'அன்ப்ரொஃபஷனல்', 'நான்-ப்ரொஃபஷனல்' என்ற ஜோடியும் இப்படித்தான்: முன்னது கண்டிக்கும் சொல், பின்னது தொழில்முறையாளர் அல்ல என்ற வெறும் தகவல். பொதுவாகவே 'நான்' நிறம் பூசாத சொல், 'அன்' கொஞ்சம் குறை சொல்லும்.

'லவோரோ'வுக்கு எந்த ஆங்கிலச் சொல்?

மூன்று உண்டு. எண்ணக்கூடிய வேலைக்கு 'ஜாப்', எண்ணமுடியாத உழைப்புக்கு 'வொர்க்', சமூக, பொருளாதாரப் பேச்சில் 'லேபர்'. இத்தாலியக் குடியரசு உழைப்பின்மேல் நிறுவப்பட்டது என்று 1948-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் முதல் கூறு சொல்கிறது. அங்கே இருப்பதும் 'லவோரோ'தான், ஆங்கில மொழிபெயர்ப்பில் 'லேபர்' ஆகியிருக்கிறது. மாணவர் செய்யும் தவறு 'ஐ ஃபவுண்ட் எ வொர்க்'. தமிழரும் 'ஒரு வேலை கிடைச்சிருக்கு' என்ற பழக்கத்தில் இதையே சொல்வதுண்டு. 'எ ஜாப்' அல்லது வெறும் 'வொர்க்', இரண்டில் ஒன்று.

இத்தாலிக்கே உரிய சம்பள, விடுமுறைச் சொற்களை எப்படிச் சொல்வது?

நேர்ச்சொல் தேட வேண்டாம், விளக்கிச் சொல்லப் பழக்குங்கள். 'த்ரெதிச்சேசிமா' என்பது டிசம்பரில் வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம். 'போனஸ்' என்றால் வேலைத்திறனுக்குத் தரும் தொகை என்று புரிந்துகொள்வார்கள். 'தர்ட்டீன்த்-மன்த் சாலரி' என்பதே சரி. 'தி எஃப்ஃபே எர்ரே' என்று சுருக்கி அழைக்கும் பணிமுடிவுத் தொகை, ஆண்டுச் சம்பளத்தை 13.5-ஆல் வகுத்து ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவது. இதைப் பலர் 'செவரன்ஸ் பே' என்கிறார்கள். அது ஆட்குறைப்பின்போது தரும் பணம். இத்தாலியத் தொகையோ தானாக ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். இந்தியாவின் கிராஜுவிட்டியை அறிந்தவருக்கு உடனே புரியும்.

'ஃபேரியே' ஆண்டு விடுப்பு, 'ஆனுவல் லீவ்'. 2003-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் ஆணைப்படி குறைந்தது நாலு வாரம். 'பெர்மெஸ்ஸோ' சில மணிநேர அனுமதி, 'எ ஃபியூ அவர்ஸ் ஆஃப்'. 'ஸ்மார்ட் வொர்க்கிங்' என்று இத்தாலியர் சொல்வதை ஆங்கிலேயர் 'புத்திசாலித்தனமாக வேலை செய்வது' என்று எடுத்துக்கொள்வார். 2017-ஆம் ஆண்டின் 81-ஆம் எண் சட்டத்தில் அதன் பெயர் 'லவோரோ ஆஜிலே'. ஆங்கிலத்தில் 'ரிமோட் வொர்க்', அல்லது சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்றால் 'ஹைப்ரிட்'. 'ஸ்தாஜ்' என்றால் 'இன்டர்ன்ஷிப்', மேடையைக் குறிக்கும் ஆங்கில 'ஸ்டேஜ்' அல்ல.

உச்சரிப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

இத்தாலியர் 'இல்லெகாலே', 'இம்மத்தூரோ' என்று இரட்டை மெய்யை அழுத்திப் பிடிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுத்து இரண்டானாலும் ஒலி ஒன்றுதான். இதில் தமிழ் ஆசிரியரும் கூட்டாளியே. 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என்று மேலே நாமே இரட்டித்து எழுதியிருக்கிறோம், எழுதியபடியே வாயிலும் வரும். 'இலீகல்' என்று ஒற்றையாக ஒலித்துக் காட்டுங்கள். 'அன்நெசசரி', 'அன்நோன்' போன்றவற்றில் மட்டும் இரண்டு 'ன'வும் கேட்கும், ஏனெனில் 'அன்' தன் முழு உருவத்தோடு நிற்கும்.

'அன்' என்பதை எழுத்தைப் பார்த்து 'உன்' என்று வாசிப்பார்கள். நம் 'அன்பு'வில் வரும் 'அன்' போல என்று ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும். எச் ஒலி விழுந்து 'அன்ஹேப்பி' 'அனாப்பி' ஆவதும் சகஜம்.

எழுத்துக்கூட்டலில் எஸ் ஒன்றா இரண்டா என்று குழம்புகிறார்கள்.

முன்னொட்டை ஒட்டும்போது அடிச்சொல்லைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். 'டிஸ்'ஸோடு 'சாட்டிஸ்ஃபைடு' சேர்ந்தால் இரண்டு எஸ். 'டிஸ்'ஸோடு 'அப்பியர்' சேர்ந்தால் ஒரு எஸ், இரண்டு பி. 'மிஸ்'ஸோடு 'ஸ்பெல்' சேர்ந்தால் இரண்டு எஸ்.

'ஐ டிடின்ட் சீ நோபடி' என்று இரட்டை எதிர்மறை வருகிறது. எப்படித் திருத்துவது?

'நொன் ஓ விஸ்தோ நெஸ்ஸூனோ' என்பதில் 'நொன்', 'நெஸ்ஸூனோ' இரண்டுமே எதிர்மறை. இத்தாலியில் அதுதான் இலக்கணம். தமிழில் 'யாரையும் பார்க்கவில்லை' என்கிறோம்: 'யாரையும்' எதிர்மறை அல்ல, 'இல்லை' ஒன்றே எதிர்மறை. ஆங்கில 'எனிபடி'யும் இதே வேலையைத்தான் செய்கிறது. தமிழ் தெரிந்த மாணவரிடம் இந்த வாக்கியத்தை வைத்தே விளக்கலாம்.

பயிற்சி எப்படி அமைக்கலாம்?

'ஹேப்பி'யின் எதிர்ச்சொல் எழுதுக என்ற ரகப் பயிற்சியால் பலனில்லை. அதில் இத்தாலி குறுக்கிடாது, ஆகவே தவறும் வெளிவராது. இத்தாலிச் சொல்லைக் கொடுத்து ஆங்கிலம் கேளுங்கள்.

நோட்டில் மூன்று பகுதி பிரிக்கச் சொல்லுங்கள்: முன்னொட்டு மாறாதவை, 'இன்' போய் 'அன்' ஆனவை, 'ஸ்'ஸும் 'திஸ்'ஸும் சிதறியவை. முதல் பகுதியில் எழுதுவதை இரண்டாம் வாரத்தோடு நிறுத்திவிடலாம். மற்ற இரண்டில் ஒரு வகுப்புக்கு 8 சொல், அதற்குமேல் வேண்டாம். தனிச் சொல்லாக எழுதாமல் அலுவலகத்தில் அதோடு வரும் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்: 'அன்பெய்ட் இன்வாய்ஸ்', 'அன்ரிலையபிள் சப்ளையர்', 'அன்சைன்ட் கான்ட்ராக்ட்', 'இன்கம்ப்ளீட் ஃபார்ம்', 'இல்லெஜிபிள் சிக்னேச்சர்', 'அன்ஃபேர் டிஸ்மிசல்'. இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை வாய்மொழியாகக் கேளுங்கள். இரண்டு முறையும் தவறிய சொல்லை அடுத்த 8-இல் முதலாவதாக வையுங்கள்.

நாலாவது வாரத்தில் மாணவர் தன் வேலையைப் பற்றி ஆறு வரி மெயில் எழுதட்டும். திருத்தும்போது முன்னொட்டுத் தவறை ஒரு நிறத்திலும், 'மகத்ஸீனோ' ரகத் தவறை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். எந்த நிறம் அதிகமோ அதிலிருந்து அடுத்த மாத வகுப்புகளுக்கான சொற்களை எடுங்கள்.